ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் துறை தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்கான நிஷ், அதாவது எழுதப்போகும் துறை எது என்று யோசிக்கும்போது, முதலில் கேட்டுக்கொள்வது "எனக்கு எதைப் பற்றி எழுதப் பிடிக்கும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். யார் பணம் தரப்போகிறார்கள், அந்த எழுத்து அவர்களுக்கு எதற்குப் பயன்படப்போகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் தேர்வு உருப்படியாக இருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இவற்றைக் கேட்காததால் வருபவைதான்.

பயண எழுத்தை எடுத்துக்கொள்வோம். பயணக் கட்டுரை எழுத ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். அதற்குக் காசு கொடுத்து வெளியிடும் பத்திரிகைகள் கொஞ்சம். சும்மாவே எழுதித் தர ஆள் இருக்கும் இடத்தில் கட்டணம் எப்படி ஏறும்? அதே பயணத் துறையில், ஹோட்டல்களுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. தங்கள் மென்பொருளை வாங்கினால் அறைகள் காலியாகக் கிடப்பது எப்படிக் குறையும் என்று ஹோட்டல் மேலாளருக்கு அவர்கள் புரியவைக்க வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு நாலைந்து ஹோட்டல்கள் வாடிக்கையாளராக வந்தாலே எழுத்துக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும். அதனால் அங்கே நல்ல எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஊர் சுற்றுவதில் இருக்கும் ஆர்வத்தை விட்டுவிட வேண்டியதில்லை, வேறு வாசல் வழியாக உள்ளே போகலாம்.

அடுத்தது, துறையை ரொம்ப அகலமாக வைத்துக்கொள்வது. "உடல்நலம் பற்றி எழுதுகிறேன்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் எந்த வாடிக்கையாளருக்கும் அது தன்னைக் குறிப்பதாகத் தோன்றாது. மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கும் கையேடு, உடற்பயிற்சி ஆப்புக்கான மின்னஞ்சல், மருத்துவக் கருவி விற்கும் நிறுவனத்தின் விளக்க ஆவணம், புதிய மருந்துக்கு அனுமதி கேட்டுச் சமர்ப்பிக்கும் அறிக்கை என எல்லாமே உடல்நலம்தான். கடைசியில் சொன்னதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதலாவதற்கு எளிமையாகச் சொல்லும் திறமை வேண்டும். வேலை கொடுப்பவரும் வேறு, கட்டணமும் வேறு.

தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுத்தின் வடிவத்தை மறந்துவிடுவதும் இதோடு ஒட்டியதே. கேஸ் ஸ்டடி, ஒயிட் பேப்பர் (ஒரு சிக்கலையும் தீர்வையும் ஆழமாக விளக்கும் ஆவணம்), லேண்டிங் பேஜ் (விளம்பரத்தைச் சொடுக்கியவர் வந்து சேரும் இணையப் பக்கம்), நியூஸ்லெட்டர் ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. கேஸ் ஸ்டடி என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும்; அவருக்கு முன்பு என்ன சிக்கல் இருந்தது, எதை மாற்றினார், எந்த எண் எவ்வளவு மாறியது என்று கேட்டு வாங்கி, அவருடைய ஒப்புதலோடு எழுத வேண்டும். விற்பனைப் பிரிவினர் அதை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டுவார்கள். இந்த ஒரு வடிவத்தை மட்டுமே செய்துகொண்டு, தலைப்பு எதுவானாலும் நன்றாகச் சம்பாதிக்க முடியும். வடிவமும் ஒரு நிஷ்தான்.

சரி, இப்போது எது சூடாகப் போகிறதோ அதில் குதித்துவிடலாமா? 2021இல் கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற மின்னணு நாணயங்கள் பற்றி எழுத ஆள் தேடி அலைந்தார்கள். 2022 மே மாதம் டெரா என்ற கிரிப்டோ திட்டம் சரிந்தது, நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் திவாலானது. அந்தத் துறையின் விளம்பரச் செலவும் சுருங்கியது. நிதி எழுத்தில் ஏற்கெனவே அடித்தளம் இருந்தவருக்கு வேறு பக்கம் திரும்ப இடம் இருந்தது. கிரிப்டோவைத் தவிர வேறெதுவும் தெரியாதவருக்குத்தான் அடி பலம். அதே நவம்பரின் கடைசி நாள் சாட்ஜிபிடி வந்தது. நாலு தளங்களைப் படித்துவிட்டுத் தொகுத்துத் தரும் பொதுவான கட்டுரைகளை அது நொடியில் எழுதிவிடுகிறது. ஆகவே துறையைத் தேர்ந்தெடுக்கும்போது, நேரில் பேட்டி எடுக்கவோ, சொந்த அனுபவத்தை வைத்துச் சரிபார்க்கவோ தேவை இருக்கிற வேலையா என்று பாருங்கள்.

நிதி, மருத்துவம் இரண்டிலும் கட்டணம் அதிகம் என்று கேள்விப்பட்டு, பின்னணி இல்லாமல் நுழைவது இன்னொரு தவறு. வாசகரின் பணத்தையோ உடல்நலத்தையோ பாதிக்கக்கூடிய பக்கங்களுக்கு கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் கூடுதல் கறார் காட்டுகிறது. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் அல்காரிதத்தில் 2018 ஆகஸ்டில் கூகுள் செய்த மாற்றத்தில் உடல்நலத் தளங்கள் பல பின்னுக்குப் போயின. 2022 டிசம்பரில், எழுதியவரின் நேரடி அனுபவத்தையும் பார்க்க வேண்டும் என்று அந்த வழிகாட்டியில் சேர்த்தார்கள். அதனால் இந்தத் துறைகளில் எழுத்தாளரின் தகுதியைக் கேட்கிறார்கள், அல்லது ஒரு மருத்துவரையோ தணிக்கையாளரையோ வைத்துச் சரிபார்க்கிறார்கள். தகுதி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு: நிபுணரைப் பேட்டி கண்டு, அவர் சொல்வதைத் தெளிவாக எழுதித் தருவது. அதைத் தன் சொந்த அறிவு போலக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதில் வாசகரின் உயிரும் சேமிப்பும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பழைய வேலையை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுவது. கிடங்கில் கணக்கு எழுதிய ஒருவர் "எனக்கென்ன தெரியும்?" என்று நினைக்கிறார். கணினியில் இருக்கும் சரக்கும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வந்த பொருளைச் சோதிக்கும் முன்பே வரவு வைத்துவிடுகிறார்கள். ஒருவர் பெட்டியாகப் பதிய, இன்னொருவர் உதிரியாகப் பதிகிறார். சரக்கு மேலாண்மை மென்பொருள் விற்கும் நிறுவனம் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான். வெளியிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறவருக்கு இந்த நுணுக்கம் எளிதில் கிடைக்காது. செவிலியர், கால் சென்டர் ஊழியர், ஆசிரியர் என யாராக இருந்தாலும், உங்கள் பழைய வேலையிடத்துக்குப் பொருளோ சேவையோ விற்க வந்த நிறுவனங்கள் எவை என்று முதலில் பட்டியல் போடுங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் அதிலேயே இருக்கலாம்.

முடிவெடுப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று சாம்பிள் எழுதி, பொருத்தமான இருபது நிறுவனங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் அவர்களுடைய பிளாக் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறதா, மார்க்கெட்டிங்குக்கு ஆள் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை என்றால் எழுத்துக்கு பட்ஜெட்டும் இருக்காது. வரும் பதில்கள் எவ்வளவு யோசித்தாலும் தெரியாததைச் சொல்லும்.

அதேபோல, நிஷ் முடிவானதும் மற்ற வேலைகளையெல்லாம் உடனே உதறிவிடாதீர்கள். போர்ட்ஃபோலியோவிலும் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பு) அறிமுக வரியிலும் மட்டும் புதிய துறையைக் காட்டினால் போதும். மற்றவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. நிறுவனத்தின் பெயரிலோ அதன் தலைவரின் பெயரிலோ எழுதித் தரும் வேலைகள் அதிகமுள்ள துறையில், நீங்கள் எழுதியதை வெளியில் காட்ட முடியாமல் போகலாம். வருடக்கணக்கில் எழுதிய பிறகும் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, குறைந்தது ஒரு படைப்பையாவது சாம்பிளாகக் காட்ட அனுமதி கேளுங்கள். மறுத்தால், தனிப்பட்ட முறையில் அடுத்த வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்ப ஒப்புதலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் இடமில்லை என்றால், அந்தக் குறைக்கும் சேர்த்துக் கட்டணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.