கிளட்ச் பிடிபட்ட விதம்

பைக் பழகும்போது என்னைப் படுத்தியது ஒன்றுதான். முதல் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் பாயும்.

கைகொடுத்தது, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செய்த பயிற்சி. காலியான சமதரை, இரு காலும் தரையில். கிளட்சை மெல்ல மெல்ல விட்டால் ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும், வண்டி நகரப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்தி, திரும்பப் பிடித்து, திரும்ப விட்டு... சலிப்பான வேலைதான். ஆனால் விரலுக்கு அந்த இடம் பழகியதும் ஆக்சிலரேட்டர் தானாகச் சேர்ந்துகொண்டது.

லீவரை ஏறக்குறைய முழுதாக விட்ட பிறகுதான் அந்த இடம் வருகிறதா? கேபிள் இறுக்கமாக இருக்கலாம். லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம், அதாவது கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா நகரும் தூரம், இருப்பது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

அப்புறம், முதல் வண்டி. எனக்கு 125 சிசி போதுமாக இருந்தது. சிசியைவிட எடைதான் முக்கியம் என்பேன். வாங்குமுன் எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்று தள்ளி ஒரு வட்டம் திருப்பிப் பாருங்கள். அதிலேயே மூச்சு வாங்கினால் வேறு வண்டி பாருங்கள்.