சக ஊழியர்களின் ஆதரவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபம், வேதாளை, தங்கச்சிமடம் பக்கங்களில் 'நண்டுக் கம்பெனி' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நாட்டுப்படகுக்காரர்கள் வலையிலிருந்து கழற்றிக் கரைக்குக் கொண்டுவரும் நீலக்கால் நண்டு அங்கே அவிக்கப்பட்டு, ஓடு உடைக்கப்பட்டு, சதை தரவாரியாகப் பிரிக்கப்பட்டு ஏற்றுமதிக்குப் போகிறது. அத்தகைய ஒரு கூடத்தில் தரம் பார்க்கும் வேலையில் நான் இருக்கிறேன். அங்கே நான் முன்வைத்த ஓர் எளிய யோசனை முதல்முறை ஒருவருடைய ஆதரவும் இல்லாமல் விழுந்தது. ஏழெட்டு மாதங்கள் கழித்து அதே யோசனை, கொஞ்சம் உருமாறி, பாதியளவு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் யோசனை ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை. அதைச் சொன்ன விதத்தில் நான் செய்த தவறுகள் என்னென்ன என்பது மட்டுமே எனக்குப் புரிந்திருந்தது.

முதலில் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து ஊர்களின் கரைகளிலிருந்து கூடைகள் வேனில் வந்து சேரும்போது, எந்தக் கூடை எங்கே, எத்தனை மணிக்கு எடை போடப்பட்டது என்பது கூடத்தில் இருக்கும் எவருக்கும் தெரியாது. உயிரோடு அவிக்கப்படும் நண்டின் சதை இறுக்கமாக இருக்கும். செத்துப்போய்ச் சில மணி நேரம் வெக்கையில் கிடந்தபின் அவிக்கப்படும் நண்டின் சதை குழைந்துவிடும், வாடையும் அடிக்கும். ஆகவே எடை போடும் இடத்திலேயே நேரமும் ஊரும் எழுதிய சீட்டு ஒன்றைக் கூடையில் கட்டிவிட வேண்டும், முந்தி வந்த கூடையை முந்தி அவிக்க வேண்டும், வேனில் ஐஸ் பெட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

யாருடைய நட்டத்தைப் பேசுகிறோம்?

அந்தக் கூட்டத்தில் சதை எடுக்கும் பெண்கள் முப்பது பேர், தராசு பார்க்கும் பெரியவர், வேன் ஓட்டுநர்கள் இருவர், கணக்கர் ஆகியோர் இருந்தனர். சரக்கு திரும்பி வந்தால் கம்பெனிக்கு எவ்வளவு இழப்பு, வாங்குபவர்களிடம் பெயர் எப்படிக் கெடும் என்பதைக் கால் மணி நேரம் விளக்கினேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் ஆமோதிக்கவும் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் கம்பெனியின் பெயர் கெடுவதைப் பற்றிப் பேசினால் அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, அதற்காகத் தம் கையை உயர்த்த மாட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், மேசையில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைக் கையசைத்து அழைத்தார். எவர்சில்வர் தட்டில் இரண்டு நண்டுகளை வைத்திருந்தார். முதல் நண்டின் துடுப்புக்கால் அடியில் கத்தி முனையை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். விலை அதிகம் போகும் அந்தப் பெரிய சதைத் துண்டு மல்லிகை மொட்டைப் போல முழுதாக வெளியே வந்தது. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே கத்தியை விட்டார். சதை மாவாக உதிர்ந்து விரலெல்லாம் அப்பிக்கொண்டது. "இது என் கைக் குத்தமா தம்பி? சாயங்காலம் இதைத் தரங்குறைச்சு எழுதிருவாக, எனக்குல்ல காசு போகுது" என்றார். 

இதைவிடத் தெளிவாக என் யோசனையை எவரும் விளக்கியிருக்க முடியாது. கூடைக்கு ஒரு அடையாளம் இருந்தால், குழைந்த சதைக்குக் காரணம் எடுத்தவருடைய கையா, கூடை வந்த நேரமா என்பது தெரிந்துவிடும், பிடித்தம் நியாயமாகும். முப்பது பெண்களுக்கும் நேரடி ஆதாயம் உள்ள ஒரு மாற்றத்தை, அவர்கள் ஒருவரைப் பற்றியும் ஒரு சொல் பேசாமல், நான் கம்பெனிக் கணக்காகவே சொல்லி முடித்திருந்தேன். படகில் ஏறும் முன்பே படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை என்று பேசிக்கொள்ளும் கரை இது. பங்கு சொல்லாத தொழிலுக்கு இங்கே யாரும் வரமாட்டார்கள் என்பதை இந்த ஊரில் பிறந்த நான் மறந்திருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஆதாயத்தை ஊதிப் பெருக்கி, "இனிப் பிடித்தமே இருக்காது" என்று வாக்குக் கொடுத்துவிடுவது அது. ஒரு மாதத்தில் அந்த வாக்கு பொய்த்தால், அடுத்த முறை நீங்கள் நல்லதைச் சொன்னாலும் எடுபடாது.

எதிர்க்கேள்வியை எதிர்ப்பாக எடுத்துக்கொள்வது

முதல் கூட்டத்தில் வாய்திறந்து பேசியவர் தராசுக்காரர் ஒருவர்தான். "ஈரக் கையில எங்கிட்டுத் தம்பி எழுதுறது?" என்று கேட்டார். நான் அதைச் சாக்காகவே எடுத்துக்கொண்டு, "மனம் வைத்தால் எழுதலாம் அண்ணே" என்று பதில் சொன்னேன். நாலு பேர் முன்னால், இருபது ஆண்டுகளாகத் தராசு பிடித்த ஒருவரிடம், அவருக்கு மனமில்லை என்று சொன்னதற்கு அது சமம். அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை.

பிற்பாடு ஒரு நாள் விடியற்காலையில் கரைக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். பத்துக் கூடைகளுக்கு நானே சீட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றாவது கூடையிலேயே பேனா வழுக்கியது. ஐந்தாவதில் தாள் ஊறிக் கிழிந்தது. எட்டாவது சீட்டின் மேல் கூடையிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீரில் எழுத்து கரைந்து நீலக் கறையாக நின்றது. அவர் சாக்குச் சொல்லவில்லை, என்ன நடக்கும் என்று சொல்லியிருக்கிறார். நான் அவமானத்தோடு நின்றதைப் பார்த்தோ என்னவோ, அறுந்த வலையிலிருந்து நைலான் நூல் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து அவரே ஒரு வழி சொன்னார்: எட்டு மணிக்கு முந்தி வரும் கூடைக்குப் பச்சை நூல், பத்துக்கு முந்தி நீலம், அதற்குப் பிந்தினால் சிவப்பு. எழுத வேண்டியதில்லை, ஊறாது, கூடத்தில் எட்டி நின்றே பார்க்கலாம். ஊர்ப் பெயருக்கு முடிச்சின் எண்ணிக்கை போதும்.

அந்தக் காலைப் பேச்சில்தான் அவருடைய உண்மையான தயக்கமும் வெளிவந்தது. நேரத்தை எழுதிவைத்தால், படகு தாமதமாக வந்த நாளிலும் "எல்லாக் குத்தமும் தராசுக்காரன் தலையில" விழுமோ என்ற அச்சம் அது. கூட்டத்தில் எவரும் இத்தகைய அச்சத்தைச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பேனாவையும் தாளையும் பற்றிக் கேட்பார்கள். கேட்கப்பட்ட கேள்விக்கு முதலில் நேர்மையாக விடை காண வேண்டும். அப்படிக் கண்டால்தான் கேட்கப்படாத கேள்வி வெளியே வரும். நூல் என்பது கூடையின் வயதைக் காட்டுமே தவிர யாரிடமும் விளக்கம் கேட்பதற்கு அல்ல என்று கணக்கரையும் வைத்துக்கொண்டு பேசி முடித்த பிறகே அவர் சம்மதித்தார்.

வேலைசெய்பவரின் கருத்து மாற்றத்தின் உள்ளே கலக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் என்ற ஊரில் இருந்த பைஜாமா தைக்கும் ஆலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் நடத்தி 1948-இல் வெளியிட்டது அது. எங்கள் கூடத்தைப் போலவே அங்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் முணுமுணுப்பு. மாற்றத்தை நிர்வாகமே முடிவு செய்து அறிவித்த குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதத்தினர் வேலையை விட்டுப் போனார்கள். எல்லாருமே உட்கார்ந்து பேசி, புதிய முறையை வகுப்பதில் பங்கேற்ற குழுக்களிலோ அந்தக் காலத்தில் ஒருவரும் விலகவில்லை. அவர்களுடைய வேலைத்திறன் மாற்றத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. தையல் இயந்திரத்துக்கும் நண்டுக் கத்திக்கும் எவ்வளவோ தூரம் இருந்தாலும், கிலோக் கணக்கில் கூலி வாங்குபவருடைய மனக்கணக்கு ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலிடத்துச் சம்மதத்தை முதலில் வாங்குவது

இதைப் பலரும் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். "மேனேஜர் சரி சொல்லிவிட்டார்" என்று கூட்டத்தைத் தொடங்கியபோது, அது ஆதரவு கேட்கும் கூட்டமாக இல்லாமல் உத்தரவைத் தெரிவிக்கும் கூட்டமாகிவிட்டது. அந்த நொடியிலிருந்து நான் மேசைக்கு இந்தப் பக்கத்து ஆள் இல்லை. நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும் இடத்தில் வாங்கத்தான் வேண்டும். ஆனால், நான்கு பேரிடம் பேசி யோசனை ஒரு வடிவத்துக்கு வந்தபின், அந்த நால்வரில் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு போய் வாங்குவது வேறு.

ஆய்வு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வாயடைப்பதும் இந்த வகைத் தவறே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-இல் கொச்சிக்கு இடம்பெயரும்வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. இன்றும் அதன் மண்டல மையம் இங்கே இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்தில் ஏதாவது வாதம் வந்தால் "ரிசர்ச்சே சொல்லியிருக்கிறது" என்று முடித்துவிடும் பழக்கம் படித்தவர்களிடம் உண்டு. அறிவியல் சரியாகவே இருக்கலாம். ஆனால் நண்டைத் தொட்டுப் பார்த்தே அது செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லும்போது, "உனக்குத் தெரிந்தது அறிவில்லை" என்ற தொனி தானாகவே சேர்ந்துவிடுகிறது. எனக்குப் பக்கபலமாக நின்றது ஆய்வுத்தாள் எதுவும் இல்லை, அந்த அக்காவின் தட்டுதான். இரண்டாம் முறை அவரையே எல்லார் முன்னிலையிலும் செய்துகாட்டச் சொன்னேன்.

நேரம், மௌனம், தலையசைப்பு

முதல் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தேன். வெளியே வேன் நிற்கிறது. அதைத் தவறவிட்டால் பெண்கள் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் பதில் வரும்.

அந்தச் "சரி"யை நம்பியதைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் "பாத்துக்கலாம் தம்பி" என்பதற்கு மறுப்பு என்று பொருள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிறவர்களின் மறுப்பு அது. "எப்பலேர்ந்து?", "நூல யாரு வாங்கித் தருவா?" என்று கேட்பவரே பாதி சம்மதித்தவர். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்யும் இடத்தில், தேநீர் நேரத்தில், தனியாகப் பார்த்திருந்தால் யார் பாத்துக்கலாம் வகை, யார் கேள்வி வகை என்பது எனக்குத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் முதலில் பேச ஒருவராவது முன்வருவார் என்பதும் உறுதியாகியிருக்கும். எல்லாரும் ஒரே திசையில் நிற்கும்போது தனியாக மாற்றிப் பேசுவது எவருக்கும் கடினம். பக்கத்தில் இன்னொரு குரல் இருந்தால் அந்தப் பாரம் வெகுவாகக் குறைகிறது. இது 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில் காணப்பட்டதுதான் என்றாலும், கிராமக் கூட்டம் எதிலாவது உட்கார்ந்தவர்களுக்கு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்பது

சீட்டு, அவிக்கும் வரிசை, ஐஸ் பெட்டி என மூன்றையும் சேர்த்துக் கேட்டதால், மூன்றில் எதைப் பிடிக்காதவரும் மூன்றையுமே மறுக்க வழி கிடைத்தது. பாக் நீரிணையில் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு எத்தனையோ சச்சரவுகளுக்கு இடையிலும் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், அதில் இரு தரப்புக்கும் தம்முடைய நாள் எது என்று தெரிவதுதான். யார் எதை விட்டுக்கொடுக்கிறார், எவ்வளவு காலத்துக்கு என்பது துலக்கமாக இல்லாத எந்த ஏற்பாட்டையும் மனிதர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இரண்டாம் முறை நூல் ஒன்றை மட்டும், அதுவும் ஒரே கரையிலிருந்து வரும் கூடைகளுக்கு மட்டும், 15 நாளைக்கு என்று கேட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டப்பட்டுக் கிடக்கும். நாட்டுப்படகு நண்டு மட்டுமே வரும், வரத்து குறைவு, கூடத்தில் பதற்றமும் குறைவு. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க அதுவே தோதான காலம். சிவப்பு நூல் கட்டிய கூடை எந்த மேசைக்குப் போனாலும் சதை குழைந்தே வந்ததை முதல் வாரத்திலேயே பெண்கள் கவனித்துவிட்டார்கள். மற்றக் கரைகளுக்கும் நூல் வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள்தான், நான் கேட்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு இது யாருடைய ஏற்பாடு என்று கேட்டபோது, தராசுக்கார அண்ணனுடையது என்று சொன்னேன். அதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. சீட்டுதான் என்னுடையது, அது எட்டாவது கூடையிலேயே கரைந்துபோயிற்று.

ஐஸ் பெட்டி மட்டும் இன்னும் ஏறவில்லை. பெட்டி வைத்தால் வேனில் இரண்டு கூடைக்கான இடம் போகிறது. ஓட்டுநர்களுக்குக் கூடைக் கணக்கில் படி. அந்த இரண்டு கூடைக் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை என்பதால், அடுத்த தடைக்காலம் வரை அந்தப் பேச்சை நான் எடுப்பதாக இல்லை.