மலைநாட்டிலிருந்து முதல் தடவை சுழியோடப் போகிறவர்களுக்கு

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து திருகோணமலைக்குப் போய், நிலாவெளிக் கடலில் முருகைக்கற்பாறைகளை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கூபா, அதாவது காற்றுக் கலனை முதுகில் மாட்டிச் சுழியோடுவது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கடற்கரையிலேயே தங்குபவர்களை நினைத்து எழுதப்பட்டவை. நாம் சுழியோடி முடித்ததும் மலை ஏற வேண்டியவர்கள்.

1. முதலில் திரும்பும் நாளைக் குறியுங்கள்

ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, மூச்சோடு உள்ளே போகும் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. கரைக்கு வந்த பிறகும் அது வெளியேற மணிக்கணக்காகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் இரத்தத்திலும் தசையிலும் குமிழியாக மாறலாம். இதற்காகத்தான் ஒரு தடவை சுழியோடியவர் 12 மணி நேரமும், பல தடவை சுழியோடியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். பறக்கும் விமானத்துக்குள்ளும் கிட்டத்தட்ட இதே நிலைதான். ஆகவே அன்றிரவு பஸ்ஸில் வீடு திரும்பும் எண்ணமே வேண்டாம். ஒரு நாள் முழுதாகக் கரையில் தங்கிவிட்டு ஏறுங்கள். அறை வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. காலம்

கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். மற்ற மாதங்களில் போகிறவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்கே ஹிக்கடுவையைப் பார்க்கலாம்.

3. உடம்பு

தடிமன் பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், காது அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். உங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் சுழியோடல் நிலையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

முதல் தடவைக்கு, பயிற்றுநர் பக்கத்திலேயே இருக்கும் அறிமுகச் சுழியோட்டம் போதும். அதில் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். சான்றிதழ் வகுப்பில் சேர்வதென்றால் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நம் பக்கத்து ஆறுகளில் பழகப் போகாதீர்கள், நீச்சல் தடாகத்தில் பழகுங்கள்.

4. தண்ணீருக்குள்

மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடலாம். மெதுவாக, இடைவிடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள்.

ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது காது அடைக்குமே, கடலில் அது முதல் சில மீட்டரிலேயே தொடங்கிவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஊத வேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். எல்லாம் சரி என்று சொல்ல, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல், பயிற்றுநரோடு சேர்ந்தே வாருங்கள்.

5. முருகைக்கற்பாறையருகே

கல் மாதிரித் தெரிந்தாலும் அது உயிருள்ளது. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, வருடத்துக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ வளர்த்த கூடு அது. கையால் தொடாதீர்கள், கால் துடுப்பும் படக்கூடாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு தேசிய பூங்கா என்பதால் அங்கே உடைந்த துண்டைக்கூட எடுத்துவருவது குற்றம்.

6. கரைக்கு வந்த பின்

நிறையத் தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள். மூட்டு வலி, கைகால் மரமரப்பு, தலைசுற்று, வழக்கத்துக்கு மாறான களைப்பு எது வந்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். நிலையத்தில் சொல்லி ஒட்சிசன் கேளுங்கள். மலை ஏறாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், எத்தனை மீட்டரில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.