'விட' வரும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது காலம் பார்ப்பது எப்படி?

செங்கோட்டையில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, மாணவர் நோட்டில் ஆண்டு தவறாமல் தென்படும் வாக்கியம் ஒன்று உண்டு: "த டிராக் இஸ் வைடர் நவ் தேன் இட் இஸ் பிஃபோர்." 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜாக இருந்த புனலூர் ரயில் பாதை 2010-இல் மூடப்பட்டு, 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக 2018-இல் திறக்கப்பட்டது என்பதால் செய்தி சரிதான், இரண்டாவது 'இஸ்'தான் தவறு.

'தண்டவாளம் முன்பை விட இப்போது அகலம்' என்னும் வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. மலையாளத்தில் 'காள்' சேர்த்துச் சொன்னாலும் இதே நிலைதான். அதனால் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இங்கேயே இடறுகிறார்கள். ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல்லுக்குப் பின் வரும் வினை, முன்பகுதி எந்தக் காலத்தில் இருந்தாலும், தனக்குரிய காலத்தையே காட்ட வேண்டும்.

முதலில், 'விட'வுக்கு முன்னால் ஒளிந்திருக்கும் வினையை விரித்து எழுதுங்கள். 'முன்பை விட' என்பது 'முன்பு இருந்ததை விட' என்றாகும்போதே இறந்தகாலம் தெரிந்துவிடுகிறது. ஆகவே, "தேன் இட் வாஸ் பிஃபோர்."

அடுத்து, முன்பகுதியின் வினையைப் பாருங்கள். 'இஸ்', 'வாஸ்' வகையாக இருந்தால் பின்னாலும் அந்த வகையே வரும். 'ரெயின்', 'ரன்' போன்ற வினையானால், அதைத் திரும்ப எழுதாமல் 'டு', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றில் ஒன்றைப் போடலாம். போன வாரம் வழக்கத்தை விட அதிகமாக மழை பெய்தது என்பதை, "இட் ரெயின்ட் மோர் லாஸ்ட் வீக் தேன் இட் யூஷுவலி டஸ்" என்று எழுத வேண்டும். விரித்தால் 'வழக்கமாகப் பெய்வதை விட' என்று வருகிறதல்லவா? ஒரே வாக்கியத்தில் இரண்டு காலமா என்று பயந்து, பலர் இங்கே 'டிட்' போட்டுவிடுகிறார்கள், பயப்படத் தேவையில்லை.

'நான் நினைத்ததை விட' போன்றவற்றில் தமிழே காலத்தைக் காட்டிவிடுவதால் வேலை எளிது: "த காட் ரோடு இஸ் ஸ்டீப்பர் தேன் ஐ தாட்."

காலத்தைக் குறிக்கும் சொல் உடன் இருந்தால் பின்வினையை விட்டுவிடலாம். 'தேன் பிஃபோர்' என்பதும் சரியே, தேர்வு அவசரத்தில் நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் "ஷீ இஸ் டாலர் தேன் ஷீ வாஸ்" என்பதில் அப்படிப்பட்ட சொல் எதுவும் இல்லை. 'வாஸ்' ஒன்றுதான் காலத்தைச் சொல்கிறது என்பதால் அதை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது.