தை மழைக்குப் பின் வீட்டுத் தோட்டத்தை மீட்பது எப்படி?

தை பிறந்தால் வானம் தெளிந்துவிடும் என்ற கணக்கில்தான் தமிழ்நாட்டில் பலரும் தக்காளியையும் கத்தரியையும் அந்த மாதத்தில் காய்ப்புக்குக் கொண்டுவருகிறார்கள். மாமரமும் அப்போதுதான் பூவெடுக்கிறது. 2021 ஜனவரியில் அந்தக் கணக்கு பொய்த்தது. பொங்கலை ஒட்டி விடாமல் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்தபோது, வீட்டுக் கொல்லைகளும் சேர்ந்தே ஊறின. அப்படிப் பருவம் தப்பிய மழை ஓய்ந்த பிறகு, தோட்டத்துக்குப் புதியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மழை விட்ட மறுநாள் வெயில் ஏறியதும் செடிகள் தலை தொங்கி நிற்கும். அதைத் தாகம் என்று எண்ணிக் குடத்தைத் தூக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொண்டதால், வேர் மூச்சுத் திணறி, நீரை உறிஞ்சும் திறனை இழந்திருக்கிறது. நானும் முதல் ஆண்டில் ஒரு பப்பாளியை இப்படித்தான் கொன்றேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறிச் சாக்கடை நாற்றம் வீசியது. விரலால் உருவினால் தோல் கழன்று உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் நின்றது. ஆகவே, செடியின் ஓரத்தில் சிறிது மண்ணை விலக்கி ஒரு வேரை நீங்களும் உருவிப் பாருங்கள். வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் செடி பிழைக்கும்.

படி 2: நீரை வடியுங்கள்

தொட்டிகளின் அடித்தட்டுகளை எடுத்துவிட்டு, அடைபட்ட துளையைக் குச்சியால் குத்தித் திறந்து, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தரையில் பாத்தி இருந்தால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றுங்கள். ஈர மண்ணை மிதித்தால் அது இறுகிக் காற்றே புகாது என்பதால், பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்வது நல்லது. மண்ணின் மேல் சருகு, வைக்கோல் என்று மூடாக்கு போட்டிருந்தால் சில நாட்களுக்கு விலக்கி வையுங்கள்; மேல்மண் காய்ந்ததும் களைக்கொத்தியால் மேலோட்டமாகக் கிளறிவிடுங்கள்.

படி 3: இலையும் காயும்

இலைகள் காய்ந்த பிறகே செடியைத் தொட வேண்டும், ஏனெனில் ஈரக் கை நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோகும். மண்ணைத் தொடும் கீழ் இலைகளையும் புள்ளி விழுந்தவற்றையும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். நிறம் மாறத் தொடங்கிய தக்காளிகளைப் பறித்துவிட்டால் அவை வீட்டுக்குள்ளேயே பழுக்கும்.

படி 4: உரத்துக்குப் பொறுத்திருங்கள்

இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்து நீரோடு கரைந்து போனதும் ஒரு காரணம். ஆனாலும் புதுத் துளிர் தெரியும் வரை உரம் இடாதீர்கள், வேர் அதை ஏற்கும் நிலையில் இல்லை. துளிர் வந்த பின் ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். வேரழுகலைத் தடுக்க ஒரு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பாக்டீரியாத் தூள்) கரைத்து மாலையில் வேரில் ஊற்றுங்கள். அதோடு தாமிரப் பூஞ்சாணக்கொல்லியைக் கலந்துவிடாதீர்கள். நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தாமிரம் கொன்றுவிடும்.

படி 5: மரங்கள்

மாம்பூவில் மழையால் கொட்டியது கொட்டியதுதான். மிஞ்சிய பூங்கொத்துகளில் வெண்பொடி படர்ந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை (நீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் வீதம், வெயில் தணிந்த பிறகு தெளிக்கலாம். முருங்கைக்கு நீர் தேங்குவது ஆகவே ஆகாது. அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்து மேடாக்குங்கள். பாரம் தாங்காத கிளைகளைத் தயங்காமல் வெட்டலாம், வெட்டிய இடத்திலிருந்தே அது தழைக்கும். தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள்.

ஆள் உயரத்துக்குக் குறைவான மரம் சாய்ந்திருந்தால், மண் ஈரமாக இருக்கும்போதே மெல்ல நிமிர்த்தி, வேரை மூடி, பழைய சைக்கிள் டியூபால் இரண்டு முளைக்குச்சிகளில் கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்கும். பெரிய மரம் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தரை வெடித்திருந்தால் அதன் அடியில் யாரையும் நிற்க விடாமல், மரம் வெட்டத் தெரிந்தவரை அழையுங்கள்.

படி 6: மறுவிதைப்பு

அழிந்த கீரைப் பாத்தியில் உடனே விதைத்தால் நாற்றழுகலில் எல்லாம் போகும். ஒரு பிடி மண்ணை அழுத்தி உருட்டி, விரலால் தட்டிப் பாருங்கள். உருண்டை உதிர்ந்தால் விதைக்கலாம். களிபோல் ஒட்டி நின்றால், விதைப் பொட்டலம் இன்னும் சில நாள் அலமாரியிலேயே இருக்கட்டும்.