துன்ப காலத்தில் மனந்திரும்புதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை பறிபோகும்போது, அல்லது நோய் வீட்டுக்குள் நுழைந்து மாதக்கணக்கில் வெளியேற மறுக்கும்போது, கடவுளிடம் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் தானாகவே எழுகிறது. மும்பையின் தாராவியிலும் அண்டாப்ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் உபவாச ஜெபத்துக்கு முதன்முறையாக வந்து அமர்பவர்களுள் பலர் இப்படி வந்தவர்களே. அந்த ஏக்கம் மெய்யானது. அதைத் தவறான திசையில் திருப்பிவிடுவது பெரும்பாலும் அவர்களைச் சுற்றியிருக்கும் நாம்தான்.

முதல் தவறு, வந்த துன்பத்துக்குக் காரணமான பாவத்தைத் தேடிக் கிளறுவது. படுக்கையில் இருக்கும் குழந்தையைப் பார்க்க வருபவர்கள், ஜெபித்து முடித்ததும் தாயிடம், "எதையாவது மறைத்து வைத்திருக்கிறீர்களா, அக்கா?" என்று கேட்கிறார்கள், அவள் அன்றிரவு முழுவதும் தன் கன்னிப் பருவத்து நினைவுகள் வரை துருவிப் பார்த்து, குழந்தையின் காய்ச்சலுக்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததைப் பற்றி லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுகிறார். அவர்கள் எருசலேமின் மற்ற மனிதரைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று தெளிவாகச் சொன்ன பிறகே, கேட்டுக்கொண்டிருந்த அனைவரையும் மனந்திரும்ப அழைக்கிறார். அந்த அழைப்பு உயிரோடிருக்கும் எல்லாருக்கும் பொதுவானதே தவிர, இறந்தவர்கள் மீதான தீர்ப்பு அன்று. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நோயுற்ற யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள்.

மனந்திரும்புதலைப் பேரமாக்கிக்கொள்வது இன்னொரு தவறு. மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்தில் புதன்கிழமைதோறும் நடைபெறும் நவநாள் என்னும் தொடர் வேண்டுதலுக்கு மத வேறுபாடின்றி மக்கள் திரண்டு வருகிறார்கள். அங்கே கண்ணீரோடு கேட்பதில் எந்தப் பிழையும் இல்லை. ஒன்பது புதன்கிழமைகளை முடித்துவிட்டேன், ஆகவே கடன் தீர்ந்தாக வேண்டும் என்று கணக்கு வைக்கத் தொடங்கும்போதுதான் பிழை நுழைகிறது. பலியை அல்ல, நொறுங்கிய நெஞ்சத்தையே கடவுள் ஏற்கிறார் என்று 51ஆம் சங்கீதம் சொல்வது இத்தகைய கணக்குக்கு நேர் எதிரானது.

ஆனால் நம்மிடையே மிகப் பரவலாக உள்ள தவறு, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மனிதரிடம் போகாமல் இருந்துவிடுவதுதான். ஊரில் அப்பாவின் வீட்டை விற்ற பணத்தில் தங்கைக்குச் சேர வேண்டிய பங்கையும் போட்டு இங்கே ரூம் வாங்கிய ஓர் அண்ணனை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போய்வரும் நாட்களில் அவர் கூட்டங்களில் அழுது ஜெபிக்கிறார். அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆயினும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் போகவில்லை. வரி வசூலித்துச் செல்வந்தரான சகேயு ஆண்டவர் இயேசுவின் முன் நின்று, தான் ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்ற அறிவிப்பு அதற்குப் பிறகே வருகிறது. பேசும்போது, "நீயும் அன்றைக்கு அப்படிப் பேசினாயே" என்று இழுக்காமல், "உன் பங்கு இரண்டு லட்சம், அதை நான் தரவில்லை, அது என் தவறு, மாதம் ஐயாயிரமாகத் தருகிறேன்" என்று தொகையையும் தவணையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்கை உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவள் போனை வைத்துவிட்டாலும் அடுத்த மாதப் பணம் போய்ச் சேர வேண்டும்.

செய்த தவற்றைச் சாட்சியாக எல்லார் முன்பும் சொல்லும்படி யாரையும் வற்புறுத்துவதும் தகாது. சுவரோடு சுவர் ஒட்டிய சால் குடியிருப்பில் ஒரு வீட்டு ஜெபம் பத்து வீட்டுக்குக் கேட்கும். குருவானவரிடமோ போதகரிடமோ, நம்பத்தக்க ஒருவரிடமோ தனியே சொன்னால் போதும்.

தன்னை வெறுப்பதையே மனந்திரும்புதலாக எண்ணுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் தன் பாவத்தை வாய்விட்டு ஒத்துக்கொண்டான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், ஆனால் அவன் போய் நின்ற இடத்தில் தலைமைக் குருக்கள் "எங்களுக்கென்ன?" என்றார்கள், அங்கிருந்து அவன் தனியாகப் போனான். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ மனங்கசந்து அழுதபின் மற்ற சீடர்களோடு சேர்ந்தே இருந்தார், கடற்கரையில் ஆண்டவர் மூட்டிய கரிநெருப்பருகே மீண்டும் பணி பெற்றார். ஆகவே துக்கத்தில் மூழ்கியவரைத் தனியே விடாதீர்கள். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் விலகிப்போய், சாவைப் பற்றிய பேச்சு வரத் தொடங்கினால், அதை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பை அவருக்காக நீங்களே செய்து கொடுக்கலாம்.