ஜூஸ் டிஸ்பென்சர்: முதலில் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

ஜூஸ் டிஸ்பென்சர் சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும், போனவுடன் நான் கை வைப்பது ஜூஸ் பிடிக்கும் குழாயில்தான். கம்ப்ரசரெல்லாம் அப்புறம். தொட்டி பளபளவென்று இருக்கும், வெளி உடம்பில் ஒரு கறை இருக்காது. குழாயைக் கழற்றினால் ஓ-ரிங்கை, அதாவது கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். சில மெஷின்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சையும் இருக்கும். குவளைக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இந்த வேலைக்கு வந்து 14 வருடமாகிறது. ஜூஸ் சீக்கிரம் புளிக்கிறது, குழாய் ஒழுகுகிறது, வாடை வருகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த விரல் நீளக் குழாயில்தான் போய் முடிகின்றன.

நான் சொல்வது பரவலாகப் புழங்கும் வகை: 12 அல்லது 18 லிட்டர் பிடிக்கும் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் தொட்டி, அதன் நடுவே குளிரும் ஸ்டீல் உருளை, ஜூஸைச் சுழற்றும் கலக்கி. கலக்கிக்கும் கீழே இருக்கும் மோட்டாருக்கும் நடுவில் தண்டு கிடையாது. இரண்டு பக்கமும் காந்தம். மோட்டார் சுற்றினால் கலக்கியும் சேர்ந்து சுற்றும். தண்டுக்கென்று ஓட்டை போட வேண்டியதில்லை என்பதால் அந்த வழியாகக் கசிவு வராது. அருமையான ஏற்பாடு.

மெஷின் வந்ததும் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசரிலிருக்கும் எண்ணெய் கேஸ் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் விட்டால் அது திரும்பிவிடும். சுவரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி, சமமான மேடையில் வையுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் நேராகச் செருகுங்கள். பக்கத்தில் எப்போதும் ஈரம் இருக்கும், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம்.

இனி ஜூஸ் ஊற்றுவது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். இந்த மெஷின் குளிர்ந்த ஜூஸைக் குளிராக வைத்திருப்பதற்கு. சூடான ஜூஸைச் சட்டென்று குளிர வைப்பதற்கு அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரி செல்சியஸுக்கு இறக்க ஏறக்குறைய 1,260 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். குளிரூட்டும் திறன் 300 வாட் என்று வைத்துக்கொண்டால், எந்த இழப்பும் இல்லாமலே 70 நிமிடம். மூடி திறக்கிறோம், குழாய் பிடிக்கிறோம், சுற்றியுள்ள காற்றும் சூடு. நடைமுறையில் இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். அவ்வளவு நேரமும் ஜூஸ் கிருமிகளுக்குத் தோதான சூட்டிலேயே நிற்கும். அதனால் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததையே ஊற்றுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ஜூஸ், பிறகு கலக்கி, கடைசியில் குளிர் சுவிட்ச். வெறும் தொட்டியில் கலக்கியை ஓட்டினால் அது தேயும். ஜூஸின் மட்டம் ஸ்டீல் உருளையை மூடி நிற்க வேண்டும். கீழே இறங்கினால் உருளை மேல் பனி பிடித்து, கலக்கி முட்டும். சர்க்கரை குறைந்த பானம் இன்னும் சீக்கிரம் உறையும் என்பதால், அதற்குத் தெர்மோஸ்டாட்டில், அதாவது குளிரளவை வைக்கும் திருகில், குளிரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். விதையும் நாரும் போக வடிகட்டியே ஊற்றுங்கள். ஒரே ஒரு விதை குழாயின் அடைப்பில் மாட்டினால் போதும், நாள் முழுக்கச் சொட்டும். மேலே பீய்ச்சியடிக்கும் வகை மெஷினில் பால் கலந்ததையோ சதைப்பற்றான ஜூஸையோ ஊற்றினால் நுரை பொங்கும். அவற்றுக்குக் கலக்கி வகைதான் சரி.

மெஷினின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு குவளை பிடித்து அதில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்புறம், நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய ஜூஸை ஊற்றவே கூடாது. நேற்றையதில் வளர ஆரம்பித்த ஈஸ்ட் புதியதையும் சேர்த்துப் புளிக்க வைக்கும்.

சுத்தம் செய்வதற்கு வருகிறேன். தினமும் கடை அடைக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தை வடித்து, வெதுவெதுப்பான தண்ணீரால் ஒரு முறை அலசுங்கள். பிறகு தொட்டி, கலக்கி, மூடி, குழாய், ஓ-ரிங், தொட்டியடி ரப்பர் (உருளையின் அடியில் தொட்டி உட்காரும் இடத்தை அடைப்பது), சொட்டுத் தட்டு எல்லாவற்றையும் பிரியுங்கள். ஓ-ரிங்கைக் கத்தி முனையால் நெம்ப வேண்டாம். இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து மேலே வரும், அப்படியே எடுத்துவிடலாம். சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுத் தேயுங்கள். குழாயின் துவாரத்துக்கென்று ஒரு சின்ன பாட்டில் பிரஷ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பு தெரிந்தால் இன்னொரு முறை தேயுங்கள். ஸ்டீல் உருளையைக் கழற்ற முடியாது, அதைத் துணியால் அங்கேயே கழுவ வேண்டும். அதன் அடிவிளிம்பில் ரப்பர் உட்காரும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கழுவியதைக் கிருமிநீக்கமும் செய்ய வேண்டும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், வாசனை சேர்க்காதது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. அது 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு குளோரின் ஆகும். பாகங்களை அதில் இரண்டு நிமிடம் மூழ்க வைத்து எடுத்து, காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் துணியிலிருக்கும் கிருமி திரும்ப ஏறிக்கொள்ளும். உப்புப் படிவை எடுக்கச் சிட்ரிக் அமிலம் போடுவதானால் அது வேறொரு நாள் வேலையாக இருக்கட்டும். குளோரினோடு அமிலம் சேர்ந்தால் விஷவாயு வரும்.

பாலிகார்பனேட்டுக்குக் கொதிநீரும் ஸ்பிரிட்டும் ஆகாது. மெல்லிய விரிசல் விழும். கம்பி நார் போட்டால் கீறல் விழும், அந்தக் கீறலுக்குள் அழுக்கு குடியேறும்.

திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங்குக்கும் தொட்டியடி ரப்பருக்கும் உணவுத் தரச் சிலிகான் கிரீஸ் மெலிதாகத் தடவ வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் அவசரத்தில் ரப்பரைக் காய்ந்தபடியே மாட்டித் தொட்டியை அழுத்தினேன். அது ஓரத்தில் மடங்கியது, நான் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் தொட்டி காலி. 12 லிட்டரும் மெஷினின் உடம்புக்குள் இறங்கி விசிறி மோட்டார் போயிருந்தது. அன்றிலிருந்து முதலில் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் ஜூஸ் ஊற்றச் சொல்கிறேன்.

மாதம் ஒரு முறை கண்டென்சரைச் சுத்தம் செய்யுங்கள். ஜூஸிலிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் பாகம் அது. பிளக்கைப் பிடுங்கிப் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல் கம்பளி மாதிரித் தூசி படிந்திருக்கும். மென்மையான பிரஷால் தகடுகள் போகும் திசையிலேயே தள்ளி, வாக்குவம் கிளீனரால் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடிந்து காற்று போகாது. குளிரவில்லை என்றதும் குளிரூட்டும் கேஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இந்தத் தூசிதான் காரணம். தூசி இல்லையென்றால் விசிறி சுற்றுகிறதா, தெர்மோஸ்டாட்டை யாராவது திருகிவிட்டார்களா என்று பாருங்கள். கம்ப்ரசர் உறுமிவிட்டு டக்கென்று நின்றால் உடனே திரும்பப் போடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். மறுபடியும் அப்படியே என்றால் கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயோ, சூடேறினால் அதை நிறுத்தும் ஓவர்லோடோ போயிருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கலக்கி கடகடவென்றால் அது தேய்ந்திருக்கும், இல்லை சரியாக உட்காராமல் இருக்கும்.

கேஸ் லைனில் மட்டும் நீங்களாகக் கை வைக்கவே கூடாது. மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-290 என்று இருந்தால் உள்ளே இருப்பது புரொப்பேன், தீப்பிடிக்கக்கூடியது. பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டும்.

பல நாள் மூடி வைப்பதானால், எல்லாவற்றையும் கழுவி முழுக்க உலர்த்தி, குழாயைப் பூட்டாமல் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, தொட்டி மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டால் திறக்கும் நாளில் பூஞ்சை வாடைதான் முதலில் வரும். மறுபடி ஓட்டுவதற்கு முன் கழுவல், கிருமிநீக்கம், பத்து நிமிடத் தண்ணீர்ச் சோதனை, மூன்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.